வெர்லினின் வராந்தா

கரீபியன் தீவான டொமினிக்காவின் கிழக்குக் கரையில், ஒரே முற்றத்தில் எதிரெதிராக அக்கா தங்கை இருவரும் வீடு கட்டிக்கொண்டார்கள். அப்பாவின் வீடு ஒரு புயலில் பறந்ததைக் கண்ணால் பார்த்தவள் மூத்தவள் கிளேவியா. அதனால் தன் வீட்டுக்கு நாலு பக்கமும் சரிந்த தாழ்வான கூரை போட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்கினாள். இளையவள் வெர்லினுக்குக் கடல் காற்று வேண்டும். உயரமான கூரையை அப்படியே முன்னால் இழுத்து, அகலமான வராந்தாவையும் மூடினாள்.

"வராந்தாவுக்குத் தனிக் கூரை போடுடி. காத்து அடியில பூந்தா மொத்தத்தையும் தூக்கிட்டுப் போயிடும்."

"உன் வீட்ட மாதிரி கோழிக்கூடு கட்டச் சொல்றியா? என் புருஷன் முட்டையா போடுறான்?"

கிளேவியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

புயல் ராத்திரிதான் வரும் என்று வானொலி சொன்னது. மத்தியானமே கிளேவியா போய்த் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வெர்லின் சீமைப்பலாவைச் சுட்டுக்கொண்டிருந்தாள்; அவள் கணவன் ரால் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான்.

"இது வெந்ததும் எடுத்துக்கிட்டு வரேன். ராலையும் இழுத்துட்டு வரேன். நீ போ, அக்கா."

சாயங்காலம் ஆவதற்குள் காற்று வந்துவிட்டது. ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகக் கிளேவியா பார்த்தாள். எதிர்வீட்டு வராந்தாத் தகரம் ஓரத்தில் படபடத்தது. மறுகணம் கூரை முழுவதும் எழும்பிப் போனது. வெர்லினும் ராலும் கைகோத்துக்கொண்டு முற்றத்தில் ஓடி வந்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு தகரம் வெர்லினை வெட்டிச் சாய்த்தது.

ரால் அவளைத் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினான். கிளேவியா தன் பாவாடையைக் கிழித்துக் காயத்தில் அழுத்தினாள். ரத்தம் நிற்கவில்லை.

"நனைஞ்சிட்டேன், அக்கா. குளுருது."

கிளேவியா அவளை மடியில் அணைத்துக்கொண்டாள். வெளியே ஊரே உடைந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் காய்ந்த தரையில்தான் வெர்லினின் உயிர் போனது.

அன்று மத்தியானமே கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாமே என்று கிளேவியா நினைக்காத நாளில்லை. உறுதியாக நிற்கும் தன் வீட்டைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

மழைக்காலம் முடிந்ததும் ரால் அதே இடத்தில் மறுபடியும் கட்டத் தொடங்கினான், இந்த முறை வராந்தாவுக்குத் தனிக் கூரையோடு. கிளேவியா ஆணி எடுத்துக் கொடுத்தாள். பட்டைகளை எங்கே முடுக்க வேண்டும் என்று காட்டினாள். பாதி வேலையில் ரால் ஏணியில் நின்றபடி கேட்டான்:

"அன்னிக்கே இப்படிக் கட்டியிருந்தா அவ பொழச்சிருப்பாளா, அக்கா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பொழச்சிருப்பா."

 ரால் அடுத்த ஆணிக்குக் கை நீட்டினான்.