கண்ணாடிப் பெட்டியில் அம்மாவின் கோப்பை

என் முப்பாட்டனை விலைக்கு வாங்கிய குடும்பத்தின் கரும்புத் தோட்டத்துப் பங்களா இப்போது மியூசியம். வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவள் நான். லூசியானாவில் வேறு வேலை கிடைக்காமல் இல்லை. பங்களாவுக்குப் பின்னால் எங்கள் கறுப்பு ஜனங்களின் இடுகாடு இருக்கிறது. என் அம்மா அங்கேதான் கிடக்கிறாள். அதனால்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

பதினைந்து நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினால், கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீலப் பூப்போட்ட, காது உடைந்த காபிக் கோப்பை. 'அடிமைப் பெண் ஒருத்தி பயன்படுத்தியது, சுமார் 1850' என்று அட்டை வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காதை உடைத்ததே நான்தான், ஏழு வயதில். முதுகில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அம்மா செத்தது 1987-இல். எங்களுக்குக் கல் நாட்ட வக்கில்லை. செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பை, விளக்கு, சிப்பி என்று எதையாவது புதைத்த இடத்தில் பதித்து வைப்போம். அதுதான் அடையாளம். அதை எங்களில் ஒருவரும் தொட மாட்டோம்.

நேரே மேனேஜர் ஹாலியின் அறைக்குப் போனேன். என் மகள் வயதுப் பெண்.

"அந்தக் கோப்பை எங்கேருந்து வந்துச்சு?"

"அழகா இருக்குல்ல, மிஸ் வெர்லீன்? பின்னாடி கார் நிறுத்த இடத்தைச் சமப்படுத்தினோம், அங்க கெடச்சுது. ஒரே ஓட்டை ஒடசல், சிப்பி, பாட்டில். நூறு வருஷமா குப்பை கொட்டியிருக்காங்க. தேறினது இது ஒண்ணுதான்."

"குப்பையா? அது எங்கம்மா குடிச்ச கோப்பைடி. ஓட்ஸ் டப்பாவுக்குள்ள இலவசமா வந்தது. எந்த அடிமை ஓட்ஸ் டப்பா வாங்கினா, சொல்லு. எங்க யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டியா?"

"கல்லு ஒண்ணுகூட இல்லையே, மிஸ் வெர்லீன். கல்லறைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. சாவியை எடுத்துவந்து பெட்டியைத் திறந்து, கோப்பையை என் கையில் வைத்தாள். "மன்னிச்சிடுங்க. வாங்க, இப்பவே போய் அம்மா தலைமாட்டில வெச்சிடலாம்."

பின்பக்கம் போனோம். நெடுகச் சரளைக்கல் கொட்டி நிரவியிருந்தார்கள். சுற்றுலா வந்தவர்களின் கார்கள் வரிசையாக நின்றன. அம்மாவுக்கு வலப்பக்கம் மாமாவின் விளக்கு இருக்கும், காலடியில் ஒரு குழந்தைக்கு வைத்த சிப்பி வரிசை. ஒன்றையும் காணோம்.

"எந்த இடம்னு காட்டுங்க" என்றாள் ஹாலி.

"மொதல்ல எல்லா வண்டியையும் எடுக்கச் சொல்லு. எங்கம்மா எதுக்கு அடியில கெடக்கறாளோ, எனக்குத் தெரியல."