கடந்த நாலு வாரத்தில் வேலை தேடினீர்களா?

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்கு வந்தது மூன்று வார வாழ்வு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் என்று போட்ட ஓர் அட்டை, அதைக் கழுத்தில் மாட்ட ஒரு நாடா, தோளில் படிவப் பை. குளிக்கப் போகும்போது மட்டும்தான் அட்டையைக் கழற்றினேன். பதினாலு மாதம் வேலையில்லாமல் இருந்தவன் கழுத்தில் எதை மாட்டினாலும் இப்படித்தான் ஆகும்.

பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது வேலை பற்றிய பகுதி. கணக்கு நாள் ஒன்றாம் தேதி. அதற்கு முந்தைய ஏழு நாளில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரே ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். உழைக்கவில்லை, ஆனால் அதற்கு முந்தைய நாலு வாரத்தில் வேலை தேடினார் என்றால், வேலையில்லாதவர். தேடவும் இல்லை என்றால் அவர் வேலையில்லாதவர்கூட இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் சேர்த்து ஒரு கட்டத்தில் போட்டுவிடுவார்கள்.

இந்த விதியை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு மாடி வீட்டில், வேலை போன டிரைவர் ஒருவர் கதவைத் திறந்தார்.

"தேடித் தேடி அலுத்துப்போச்சு சார். ரெண்டு மாசமா விட்டுட்டேன். வேலையில்லாதவன்னு எழுதிக்கோங்க."

"அப்படி எழுத முடியாதுங்க. தேடினாத்தான் வேலையில்லாதவர்."

"அந்தப் பேரை வாங்குறதுக்கும் நான் அலையணுமா?"

நான் அதிகாரி மாதிரி சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ஊருக்குத்தான் உபதேசம் என்ற பேச்சு எனக்காகவே யாரோ சொல்லி வைத்தது.

ஏனென்றால் இந்த வேலைக்குக் கூப்பிடும் வரை நானே நாலு மாதமாக எதையும் தேடவில்லை. முதல் பத்து மாதம் நிஜமாகவே தேடினேன். பார்சல் கம்பெனியில் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். எந்தக் கிடங்கைப் பார்த்தாலும் உள்ளே நுழைந்து கேட்டேன். கடைசியாகப் போன இடத்தில், என் தம்பி வயசு மேனேஜர் என் பிறந்த தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார். குடித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் எங்கும் போகவில்லை.

வீட்டுக்கு இது தெரியாது. தினமும் எட்டரைக்கு, தேய்த்த சட்டை, கையில் ஃபைல், என் மனைவி கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் சகிதம் கிளம்பிவிடுவேன். போவது நூலகத்துக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி, நாலு பேப்பர். மரண அறிவிப்பு வரைக்கும் படிப்பேன், வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுவேன். ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் தலையைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு உள்ளே போவேன். பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டுமே என்று, ஒருநாள் சொன்ன தெருவை மறுநாள் சொல்ல மாட்டேன்.

"விடுங்க, நாளைக்குப் பாப்போம்" என்பாள் அவள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் பயம்.

எங்கள் தெரு என் பங்கில் வரவில்லை. ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பங்கில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார். ஜன்னல் ஓரம் என் மனைவி மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். லாட்ஜுகளுக்குப் போகிற உறை. டஜன் கணக்கில் தைத்துக் கொடுப்பாள். நான் சட்டம் தெரிந்தவன் தோரணையில் டீச்சருக்கு நாற்காலி போட்டேன்.

குடும்பத் தலைவர் என்று என் பெயரை எழுதிக்கொண்டு டீச்சர் கேட்டார். "ஒன்னாம் தேதிக்கு முந்தின வாரத்துல ஒரு மணி நேரமாவது வேலை பாத்தீங்களா சார்?"

"நானும் உங்களை மாதிரி கணக்கெடுக்கிறவன்தான் டீச்சர்."

"நாம ஆரம்பிச்சதே ஒன்னாம் தேதிதானே சார். அது கணக்குல வராது."

தெருத் தெருவாக எண்ணியவன், என்னை எண்ண மறந்திருந்தேன்.

"சரி, அதுக்கு முந்தின நாலு வாரத்துல வேலை தேடினீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் மெஷின் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "தேடாம? எட்டரைக்குக் கிளம்பினா சாயந்திரம்தான் வருவாரு. அலைஞ்சு அலைஞ்சு ஆளே பாதியாயிட்டாரு, பாருங்க."

"எங்கெங்க கேட்டீங்க சார்? ஒன்னாவது சொல்லணும்."

எனக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். நேரில் விண்ணப்பித்தார், தெரிந்தவர்களிடம் விசாரித்தார், விளம்பரம் பார்த்தார். வாயில் வந்த ஒரு கம்பெனியைச் சொன்னால் முடிந்தது. நாலு மாதமாகச் சொன்னவனுக்கு இன்னும் ஒன்று பெரிதா? ஆனால் என் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, நான் சொல்லப் போகும் பெயருக்காக என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியவில்லை.

"தேடல டீச்சர்," என்றேன்.

டீச்சர் பேனாவை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா தேடல. நூலகத்துல உக்காந்திருந்தேன்."

அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றும் நினைத்தேன்.

"நான் கட்டிக் குடுத்த சாப்பாடு?" என்று மட்டும் கேட்டாள்.

"அங்கதான். பின்னாடி ஒரு பெஞ்சு இருக்கு."

தின்ற சோற்றுக்கு விலாசம் சொன்ன ஒரே குடும்பத் தலைவர் அந்தப் படிவக் கட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். டீச்சர் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சுழித்துவிட்டு, அவசரமாக அவள் பக்கம் திரும்பினார். நான் போன வீடுகளில், மனைவியின் முறை வந்ததும் 'வீட்டு வேலை' என்று நானே எடுத்துக் கொடுப்பேன். டீச்சர் மெஷினைப் பார்த்தார்.

"நீங்க தைக்கிறீங்கம்மா. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"முன்னாடி நாலு மணி நேரம். நாலு மாசமா எட்டு மணி நேரம்."

"ஆர்டர் கூடிடுச்சா?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். விடியக்காலையில எந்திரிச்சு தைக்கிறேன்." அவள் டீச்சரிடம்தான் பேசினாள். "இவரு வெயில்ல கிடந்து அலையுறாரே, இன்னும் கொஞ்சம் சேத்துட்டா 'போதும், நீங்க இனிமே எங்கயும் போக வேண்டாம், வீட்டுல இருங்க'ன்னு சொல்லிடலாமேன்னு."

டீச்சர் எட்டை ஏழால் பெருக்கி ஐம்பத்தாறு என்று எழுதினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

எனக்குத் தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது என்று எழுதினால் அதுவும் பெருமையடிப்பு. உண்மையில் எனக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல் இருந்தது. போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் கழித்து, தைத்து முடித்த உறை ஒன்றையும் கத்தரிக்கோலையும் என் மடியில் போட்டாள்.

"பிசிறு நூலை வெட்டுங்க."

வெட்டினேன். நூலோடு துணியும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. அவள் அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததை என்னிடம் கொடுத்தாள்.