இரண்டு டப்பாவும் ஒரு கால்சட்டையும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம், எங்கள் அடுக்ககத்தின் நிலவறையில் இருக்கும் சலவை அறை. மேல்மாடி மார்கிட் ஈரப் போர்வையின் இரண்டு முனைகளை என் கையில் திணித்து, மடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த முறைக்காரர் கூடையோடு வந்து நின்றுவிட்டார். ஸ்வீடனில் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போடலாம். சலவை அறையில் அடுத்தவர் நேரத்தில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. ஆகவே என்னிடம் இருப்பது முக்கால் கதை. மாடியேறிப் போய் மீதியைக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

(அவள், இவள் என்று எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். மார்கிட்டுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஆனால் இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். மரியாதையாக எழுதினால் தனக்கு ஏதோ நோய் என்று பயந்துவிடுவாள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அடர்ந்த காட்டின் நடுவே, கைவிடப்பட்ட அந்தக் கட்டடம் தன் பொற்காலத்தை எண்ணி ஏங்கியபடி..."

வேண்டாம். கட்டடம் ஏங்கவில்லை. அது கூரை விழுந்த ஒரு நடனக்கூடம், அவ்வளவுதான். மேடைப் பலகையைப் பிளந்துகொண்டு பிர்ச் மரம் ஒன்று வளர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஒரு சனிக்கிழமை, ஸ்தூரே என்ற தச்சன் ஆடத் தெரியாமல் மார்கிட்டின் காலை மிதித்தான். அதிலிருந்து கல்யாணம், மகள், வீடு எல்லாம் வந்தன. நடுவயதில் இருவருக்கும் டப்பாப் பைத்தியமும் பிடித்தது.

அது ஒரு விளையாட்டு. காட்டில் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவிப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் மலையேறி வந்து தேடுவார்கள். கண்டுபிடித்தால் உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். அடுத்தவர் தேட வேண்டுமே! காளான் முளைக்கும் இடத்தைப் பெற்ற மகளுக்குக்கூடச் சொல்லாத இந்த ஜனங்கள், டப்பா ஒளித்த இடத்தை மட்டும் உலகத்துக்கே அறிவிப்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிறகு அவர்கள் பிரிந்தார்கள். [ஏன் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். அது அவர்கள் சமாசாரம்.] படகு அவனுக்கு, பியானோ அவளுக்கு. விளையாட்டுக்காக இணையத்தில் சேர்ந்து வைத்திருந்த "மார்ஸ்தூ" என்ற பெயரை மட்டும் பாதியாக்க முடியவில்லை. அந்தப் பெயரில் அவர்கள் ஒளித்தது ஒரே ஒரு டப்பா. நடனக்கூடத்து மேடைப்படிக்கு அடியில், கல்லிடுக்கில் வைத்த இஞ்சி பிஸ்கட் டப்பா. ஸ்தூரே பச்சைப் பெயின்ட் அடித்தது.

3

இந்தச் செப்டம்பரில் விளையாட்டை மேற்பார்க்கும் யாரோ ஒரு தன்னார்வலரிடமிருந்து இருவருக்கும் எச்சரிக்கை வந்தது. நடனக்கூடத்தில் இரண்டு டப்பாக்கள் கிடக்கின்றன, உடையவர்கள் இந்த மாதத்துக்குள் போய்ச் சரிசெய்யாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம்.

இரண்டாவது டப்பா என்றால் ஒன்றுதான் அர்த்தம். தேடி வந்து கிடைக்காதவன், வெறுங்கையோடு திரும்பப் பிடிக்காமல், தானே ஒரு டப்பாவைப் போட்டுவிட்டு 'கண்டுபிடித்தேன்' என்று எழுதிக்கொள்வது. அந்த வட்டாரத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது.

ஸ்தூரே மார்கிட்டுக்கு ஒரே வரி அனுப்பினான்: "எடுத்துடலாமா? எனக்கு முட்டி வேற சரியில்ல."

"எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்," என்று மார்கிட் என்னிடம் சொன்னபோது போர்வையை வெடுக்கென்று இழுத்தாள். "அதையும் எடுத்துடலாமாம்." அவனுக்கு அவள் அனுப்பிய பதில்: "நேர்ல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்." போகிற வழியில் அவன் மனசை மாற்றிவிட வேண்டும். அதுதான் அவள் திட்டம்.

4

ஸ்தூரேயை நான் முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் மார்கிட் முன்பே சொல்லியிருந்தாள்: "அவன் சிடுமூஞ்சி இல்ல. வெக்கப்படுறவன். தூரத்துலேந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்." ஆகவே திருத்திக்கொள்கிறேன். வெட்கப்படுகிறவன் ஒருவன், உண்ணி ஏறாமலிருக்கக் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, நொண்டி நொண்டி ஏற்றத்தில் நடக்கிறான்.

"எந்தப் படுபாவி அங்க இன்னொண்ணு கொண்டாந்து போட்டானோ!"

"கையில கெடைச்சா காதைத் திருகிடுவேன்," என்றாள் மார்கிட்.

[இருவரும் தேவைக்கு மேல் உரக்கப் பேசினார்கள். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.]

பாதி வழியில் விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்து அவள் பிளாஸ்கைத் திறந்தாள்.

"வா, குந்து."

"குந்துனா எந்திரிக்க முடியாது. முட்டி போடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

"நீ என்னிக்குத்தான் முட்டி போட்டே? என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்பகூட, எல்லாரையும் மாதிரி ஒத்தை முட்டி போடாம, படகுல குந்திக்கிட்டு, துடுப்பைக் கீழ வைக்காமத்தானே கேட்டே?"

"எந்திரிச்சு முட்டி போட்டிருந்தா படகு கவுந்திருக்கும், மகாராணி."

"கவுந்திருக்கட்டுமே!"

அவன் இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துப் பெரிய துண்டை அவளிடம் நீட்டினான். டப்பாவை எடுக்க வேண்டாம் என்று சொல்ல இதுதான் சமயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாய் நிறைய பன். அந்தச் சமயம் போய்விட்டது.

5

நடனக்கூடத்தை அடைந்ததும் இருவரும் கல்லிடுக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான் இந்தப் பக்கம் பாக்குறேன்" என்று மார்கிட் நேரே பிர்ச் மரத்தடிக்குப் போனாள். ஸ்தூரே இடிந்த டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனான். திரும்பி வந்தபோது இருவரும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

"காட்டு."

"நீ மொதல்ல காட்டு."

அவள் கையில் நீலப் பிளாஸ்டிக் டப்பா. அவன் கையில் தூண்டில் முள் வைக்கிற தகர டப்பா.

பிரிந்த அடுத்த வசந்தத்தில் மார்கிட் தனியாக இங்கே வந்திருக்கிறாள். இடுக்கில் கைவிட்டால் ஒன்றுமில்லை. தொலைந்துவிட்டது என்று சொன்னால் ஸ்தூரே 'சரி, விட்டுடுவோம்' என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். சொல்லாமல் கொள்ளாமல் மரத்தடியில் புது டப்பா வைத்தாள். அவனும் வேறொரு நாள் தனியாக வந்தான். அதே இடுக்கு, அதே பயம். காதைத் திருக வேண்டிய படுபாவிகள் இரண்டு பேரும், தங்கள் சொந்த டப்பாவுக்கே அந்தக் கேவலத்தைச் செய்திருந்தார்கள். 'நீல டப்பா அருமை' என்று யாராவது இணையத்தில் எழுதினால் ஸ்தூரே, 'தகர டப்பா அருமை' என்றால் மார்கிட், இந்த ஜனங்களுக்குக் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

"அப்புறம் எதுக்குடா எடுத்துடலாமான்னு கேட்டே?"

"நீ வேணாம்னு சொல்வியான்னு பாக்கத்தான்."

"அடப்பாவி!"

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். இவர்களை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் நடுநிலையாக எழுத வராது.

ஓரிடத்துக்கு ஒரு டப்பாதான். இரண்டையும் படியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதை எடுப்பது? நீலத்தை எடுத்தால் அவளை எடுத்ததுபோல. தகரத்தை எடுத்தால் அவனை.

"மார்கிட், பழசு தொலையல. உள்ள சறுக்கியிருக்கும். நாம ரெண்டு பேருமே குனிஞ்சுதானே கைவிட்டுப் பாத்தோம்?"

"முட்டி போட்டாத்தான் அவ்வளவு உள்ள எட்டும். நீ போடக்கூடாது."

"ஆமா, போடக்கூடாது," என்றான் ஸ்தூரே. சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு...

சலவை அறைக் கதவு திறந்தது. கூடையோடு அடுத்த முறைக்காரர்.

6

ஆகவே இனி என் கைச்சரக்கு.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பேருந்தில் போனார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன், மனசு வரவில்லை. மேகம் விலகி வெயில் அடித்தது என்று இன்னொன்று. மார்கிட் படித்தால் போர்வையாலேயே அடிப்பாள்.

மாடியேறிக் கேட்காததற்குக் காரணம் இதுதான்: ஒளித்தவரிடமே போய் இடத்தைக் கேட்பது இந்த விளையாட்டில் அழகல்ல.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவசர அவசரமாகப் புறப்பட்ட மார்கிட், கூடையிலிருந்து கடைசியாக எடுத்து உலர்த்தும் அறைக் கொடியில் போட்டது ஓர் ஆண் கால்சட்டை. தனியாக வாழ்கிறவள் அவள். துவைத்தும் முட்டியில் சேற்றுக்கறை போகவில்லை. கறை இரண்டு முட்டியிலும் இருந்தால், இஞ்சி பிஸ்கட் டப்பா கிடைத்திருக்கும். ஒரே முட்டியில் என்றால், அவன் தேடியது டப்பாவை அல்ல.

அவள் போனதும் கிட்டே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு, விதிப்படி, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

உலர்த்தும் அறை பூட்டுவதில்லை. இப்போது உங்கள் முறை.