பெயரில்லாத பொத்தான்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நடுநிலையை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணிக்குப் பார்வை கிடையாது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வினாத்தாள் வரைக்கும் தானே தயாரித்துவிடுவார். ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இதுல ஏதோ படம் இருக்காம். அதுல என்ன எழுத்துன்னு மட்டும் சொல்லு. வேற எதையும் பார்க்காதே."

வீட்டுவசதித் துறையின் இணையதளம். படத்துக்கு மேலே ஒரு வரி: 'நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்ய, கீழே தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்க.'

(இதை நான் எழுதவில்லை. எனக்கு இவ்வளவு குரூரம் வராது.)

எழுத்துகளைச் சொன்னேன். பார்க்காதே என்றால் கண் கேட்குமா? தலைப்பும் தெரிந்தது: 'கணவரைப் பிரிந்து வாழ விரும்பும் பெண்களுக்கான வீடு.'

கணவர் என்றால் என் அண்ணன்.

2

முதல் வரைவில் அண்ணனைக் குடிகாரனாக்கினேன். 'அன்றும் அவன் தள்ளாடியபடியே படியேறி—'

படித்துக் காட்டியதும் அண்ணி சீறினார்.

"அவர் மேல இல்லாததையெல்லாம் ஏத்தாதே. எனக்கு வர்ற கடிதம், டாக்டர் ரிப்போர்ட் எல்லாத்தையும் முதல்ல படிக்கிறவர் அவர். அதுல எனக்கு எதைச் சொல்லலாம்னு அவரே முடிவு பண்ணிடுவார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு முட்ட அதுவே போதும்."

(எழுதுகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அந்த இடத்தில் கொஞ்சம் கூசியது.)

3

படத்தைத் தாண்டியும் வழியில்லை. அடுத்த பக்கத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று குரலுக்கே தெரியவில்லை. மீதியை நான் நிரப்புகிறேன் என்றேன். அண்ணி ஒப்பவில்லை. அண்ணனிடம் விஷயத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி கனிவாகத்தான் பேசினார். எரிச்சலே அதுதான்.

"இதுக்குப் போய் ஏம்மா அலையறீங்க? வீட்டுல சார்கிட்ட சொன்னா நிரப்பிக் குடுத்துட மாட்டாரா?"

"அவரை விட்டுப் போறதுக்குத்தான் சார் விண்ணப்பமே."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "அப்ப கூட வந்திருக்கிற இவங்க?"

"இவ அவரோட தங்கச்சி."

அண்ணி கைப்பேசியை மேசைமேல் வைத்துச் சத்தத்தை முழுசாகக் கூட்டினார். கூடம் முழுக்கக் கேட்டது.

"பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான். படம். பொத்தான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியும் குரல் அடங்கவில்லை.

"சத்தத்தைக் குறைங்கம்மா!"

"நான் பேசல சார். உங்க சைட்தான் பேசுது."

[இங்கே 'அதிகாரி வெட்கித் தலைகுனிந்தார்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் குனியவில்லை. மாடியிலிருந்து கணினிப் பிரிவுப் பொறியாளரை வரவழைத்தார், அவ்வளவுதான்.]

அந்தப் பெண் வந்து, கைப்பேசிக் குரலை நின்றபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பொத்தானுக்குப் பேர் வைக்கிறது ஒரு மதியத்துல முடியற வேலைங்க. போன வருஷமே அனுமதி கேட்டேன். கண்ணு தெரியாதவங்க யாரு இந்தப் பக்கம் வரப்போறாங்க, கணக்குலயே இல்லையேன்னுட்டாங்க."

அண்ணி அவர் பக்கம் திரும்பினார். "உள்ளே விட்டாத்தானேம்மா கணக்குல வருவோம்?"

4

ஒரு மதிய வேலைக்குப் பல மாதம் பிடித்தது. புகார்மேல் புகார் போன பிறகே பொத்தான்களுக்குப் பெயர் கிடைத்தது. படம் போய்விட்டது, இப்போது கைப்பேசிக்கு ஓர் எண் வருகிறது. அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு தானே விண்ணப்பித்தார்.

இனி முடிவு. வீடு கிடைத்தது என்று ஒன்று எழுதினேன். அண்ணன் மனம் மாறினான் என்று இன்னொன்று. வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றார் பத்திரிகை ஆசிரியர். இரண்டையும் அண்ணி பொறுமையாகக் கேட்டார்.

"அந்த சைட்டைப் பத்தி இன்னும் காட்டமாவே எழுது, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா துறையிலிருந்து என்ன பதில் வந்துச்சுன்னு உனக்கே தெரியாதே?"

"தெரியாதுதான் அண்ணி. சொல்லுங்களேன்."

"மாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கும் தெரியாது. வாசகரே, உங்களுக்கும் கிடையாது. ஆவல் தாங்கவில்லையென்றால் வாருங்கள், கதவுக்கு வெளியே என் பக்கத்தில் இடமிருக்கிறது, உட்காரலாம். தட்ட மட்டும் வேண்டாம்.