வாசனை கிளம்பிப் போன வீடு

ஒரு வியாழக்கிழமை காலை, துடைத்த தரை காய்வதற்கு முன்பே, சலவைக்கூடத்து அம்மாவின் வீட்டு வாசனை வாசல் கதவு வழியாக வெளியே போய்விட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அது போனதைக் கண்ணால் பார்த்தவை அந்த வீட்டுப் பூனைகள் இரண்டும்தான். தாயும் மகனுமான அவை ஜன்னல் திட்டில் உட்கார்ந்தபடி, சோபாவிலிருந்து எழுந்து, கூடத்தைக் கடந்து, படியிறங்கி, கேட்டைத் தாண்டிப் போகும் எதையோ ஒரே சீராகத் தலையைத் திருப்பிப் பார்த்தன. அதற்கப்புறம் தாய்ப்பூனை கொட்டாவி விட்டது. அந்த அம்மாவோ பின்னறை மூலையில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

தெருவில் எல்லாரும் அவளைச் சலவைக்கூடத்து அம்மா என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்துக்கு அவள் மேற்பார்வை. ரத்தக் கறையில் வெந்நீரை ஊற்றினால் கறை துணியையே கல்யாணம் கட்டிக்கொண்டுவிடும், முதலில் பச்சைத் தண்ணீர்தான் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். மூத்திரக் கறையைத் தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மடித்து வைத்த விரிப்பு வார்டுக்குப் போகுமுன் அவள் அதில் முகத்தைப் புதைத்து முகர்ந்து பார்ப்பாள். நோயாளி வாடை மட்டுமல்ல, சோப்பு மணம் அடித்தால்கூட அது திரும்ப இயந்திரத்துக்குப் போக வேண்டியதுதான். முந்திப் படுத்தவர் யாரோ, இனிப் படுக்கப்போகிறவர் யாரோ, விரிப்புக்கு யாரையும் தெரிந்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு இது சரி. அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள் பாருங்கள், அங்கேதான் தப்பு நடந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் வெளுப்புத் தண்ணீரில் கை ஊறியதில் அவளுடைய சொந்த வாசனை எப்போதோ கரைந்து போயிருந்தது. வீட்டு வாசனையைத்தான் இரவல் சட்டை மாதிரி மேலே போட்டுக்கொண்டு நடமாடினாள். அவளுக்கே அது தெரியாது.

வீட்டில் இருந்தது அவளும், டவுன் பஸ் ஓட்டும் அவள் புருஷனும், பூனைகளும், பெரியவரும். பெரியவர் என்பது நாய். வயிற்றில் வந்தது தங்காமல் போன வருஷம் அது. அவள் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். டிரைவர் அந்தக் குட்டியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கண் திறந்த குட்டியின் முகத்தில் அப்படியொரு பொறுப்பு தெரிந்ததால் பெரியவர் என்று பேர் விழுந்தது. பேரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டாரா, தூங்குறாரா, வெளிய போயிட்டு வந்துட்டாரா என்றுதான் அந்த வீட்டில் பேச்சு. அவர் போர்வையைக் கடித்து இழுத்துத்தான் அவள் மறுபடி எழுந்து நடமாடினாள். பெற்ற பிள்ளைபோலத்தான் அவரை வளர்த்தாள், இதைச் சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை. யாரோ ஒரு பாவி தெருநாய்களுக்கு விஷம் வைத்த சமயத்தில், அந்நியர் கையால் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்று மாதக்கணக்காக அவருக்குப் பழக்கியவளும் அவளே. வயதாகி இரண்டு கண்ணிலும் பூ விழுந்த பிறகு, பெரியவர் மூக்கை வைத்தே காலம் தள்ளினார்.

அழுக்கு வீடா என்றால், இல்லவே இல்லை. பூனைகளின் மண்தட்டைக் காலையும் மாலையும் அள்ளினாள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவினாள். முடி பறக்காமல் சீப்புப் போட்டு வாரினாள். ஆனால் டிரைவரின் அக்கா ஒருநாள் வந்தவள், படியேறும்போதே, "ஏம்மா, உன் வீட்டுக்கு வழியே கேக்க வேணாம் போல. தெருமுனையிலயே நாய் வாசம் வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுது" என்று சிரித்தாள். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். ஊருக்கே சுத்தம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது முள்ளாகத் தைத்தது. டிரைவர் சமாதானம் சொன்னார். "விடும்மா. நாயும் வேணும், நாய் வாசமும் வேணாம்னா, அது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை."

அவள் விடவில்லை. லீவு போட்டாள். மெத்தைகளில் சோடா உப்பைத் தூவி ஊறவைத்துத் தட்டினாள். வினிகர் கலந்த தண்ணீரால் தரையைத் துடைத்தாள், பிறகு சுவர்களை, பிறகு கதவுகளை. திரைச்சீலை, சோபா உறை, தலையணை, கால்மிதி, பெரியவரின் படுக்கை, அவருடைய கழுத்துப்பட்டை, அவர் தலைக்கு வைத்துக்கொள்ளும் டிரைவரின் பழைய ஸ்வெட்டர் என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. பெரியவர் முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கியிருந்த நிலைச்சட்டத்தைக்கூடச் சுரண்டிக் கழுவினாள். கடைசியில் பெரியவரையும் குளிப்பாட்டினாள். உட்கார ஒரு இடம் மிச்சமில்லாத வாசனை வேறென்ன செய்யும், கிளம்பிவிட்டது.

முதலில் எல்லாரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அப்புறம்தான் சங்கடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. தபால்காரர் அந்த வீட்டைப் பார்க்காமலே தாண்டிப் போனார். பேச வந்த பக்கத்து வீட்டுக்காரி, யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்து, பாதி காப்பியில் எழுந்து போனாள். பூனைகள் எதிர்வீட்டு மதிலுக்குக் குடிமாறின. டிரைவர் தன் வீட்டு மணியையே அழுத்திவிட்டு, கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். ராத்திரி லாட்ஜில் படுத்த மாதிரி புரண்டார். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, சொல்லத்தான் ரோஷம் விடவில்லை.

பெரியவர் விஷயம்தான் நெஞ்சை அறுத்தது. அவர் குரைக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. பிறத்தியார் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல அடக்கமாக நடந்துகொண்டார். நாற்காலியில் முட்டிக்கொண்டால், மன்னிப்புக் கேட்பதுபோல ஒதுங்கினார். தன் படுக்கையில் படுக்கவில்லை. யாராவது வந்து வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள் என்று வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார். அவள் கிண்ணத்தோடு பக்கத்தில் போனால் கையை முகர்ந்து பார்ப்பார். அந்தக் கையில் ஒன்றும் இல்லை. முகத்தை மெதுவாக மறுபக்கம் திருப்பிக்கொள்வார். டிரைவர் நீட்டினாலும் அப்படித்தான். அந்நியர் கையால் வாங்கக் கூடாது என்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. குரலைக் கேட்டால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். கண் போன கையோடு காதும் மந்தமாகிவிட்டது.

மிருக வைத்தியர் வந்து வயிற்றை அழுத்தி, வாயைத் திறந்து பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லங்க. சாப்பிட்டா இருப்பாரு. இந்த வயசுல பட்டினி தாங்காது, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்றார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குளிக்காமல் இருந்து பார்த்தாள். அவள் வியர்வை வெறும் தண்ணீராகத்தான் வழிந்தது. டிரைவரின் அழுக்குச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதிலிருந்த டீசல் வாடையை மட்டும் முகர்ந்த பெரியவர், யாரோ ஒரு டிரைவர் வந்திருக்கிறார் என்று வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு, மறுபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவள் துவைத்த படுக்கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்தப் படுக்கைக்கும் அவளைத் தெரியவில்லை.

டிரைவருக்கு அந்த வாரம் தடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினால் ஒருத்தரும் ஏறவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்கள். ஒருவர் காலை மடக்கிப் படுத்திருந்தார். அறிமுகமே இல்லாத இரண்டு பெண்கள், மூலையில் யார் உட்காருவது என்று அக்கா தங்கைபோல மல்லுக்கு நின்றார்கள். டிரைவர் ஹாரன் அடித்து, "ஏறலையாங்க?" என்று கேட்டார். கைப்பையைத் தலைக்கு வைத்திருந்தவர், "இருங்க தம்பி, இப்பதானே வீட்டுக்கு வந்து உக்காந்தேன்" என்றார். அப்போதுதான் ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்து டிரைவரின் மடியில் ஏறியது. அவருடைய ஒரு கால் தன்னால் பூட்ஸை உதறப் பார்த்தது. நல்லவேளை, பிரேக்கிலிருந்த கால் அசையவில்லை.

ஷிஃப்ட் முடிந்து நேரே வந்து சொன்னார். "நம்ம வீடு பஸ் ஸ்டாப்புல இருக்கும்மா."

அவள் உடனே அடுப்படிக்குப் போனாள். முட்டை ஒன்றை வேகவைத்து உரித்து எடுத்துக்கொண்டாள். டிரைவர் பெரியவரைத் தூக்கினார். பஞ்சு மூட்டைபோலக் கனமே இல்லாமல் இருந்தார் அவர். இரண்டாவது தெரு திரும்பியதும் அவருடைய மூக்கு அசைந்தது, பிறகு காது, பிறகு உடம்பு முழுவதும். இறக்கிவிடச் சொல்லித் திமிறினார். இறக்கிவிட்டதும் நடைபாதையில் நேராக நடந்தார். கூடத்து நாற்காலி இருக்கவேண்டிய இடத்தில் வளைந்தார், அடுப்படி வாசற்படி இருக்கவேண்டிய இடத்தில் காலைத் தூக்கி வைத்தார், எதிலும் முட்டவில்லை. பெஞ்சின் காலடியில் மூன்று சுற்றுச் சுற்றிப் பெருமூச்சோடு படுத்தார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈர ரோமம், வெயிலில் படுத்த பூனை, டிரைவரின் காலுறை, எப்போதோ பொங்கி வழிந்த பால், எல்லாம் சேர்ந்து அவள் மேல் வந்து ஏறியது. இதையா துரத்தினேன் என்று நினைத்தாள். வாசனை அவள் சட்டைக்குள் புகுந்து, கழுத்தைச் சுற்றி, கைவரை இறங்கட்டும் என்று அசையாமல் காத்திருந்தாள். பெரியவர் தலையைத் தூக்கினார். அவள் விரலை முகர்ந்தார், மணிக்கட்டை முகர்ந்தார், முன்னங்காலைப் பெஞ்சில் ஊன்றி எழுந்து கழுத்தை முகர்ந்தார். அப்புறம் ஒரு சத்தம் போட்டார். வெளியூர் போன அம்மா இத்தனை நாள் கழித்து வந்தால் பிள்ளைகள் போடுமே, கோபமும் அழுகையுமாக, அந்தச் சத்தம். "நான்தாங்க. எங்கயும் போகலங்க நான்" என்று அவள் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கையிலிருந்த முட்டையை அவர் தின்றார், கையையும் நக்கினார். பெஞ்சில் இருந்தவர்கள் வீட்டில் செய்வதுபோலக் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "அவருக்குத் தண்ணி வெச்சீங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பின் அந்த வீட்டில் சுத்தம் குறையவில்லை, முறைதான் மாறியது. மண்தட்டும் கிண்ணமும் சீப்பும் பழையபடி நடந்தன. ஆனால் படுக்கையைத் துவைத்த வாரம் ஸ்வெட்டரைத் துவைப்பதில்லை. துவைத்ததைத் துவைக்காததன் பக்கத்தில் ஒருநாள் போட்டு வைப்பாள், பழக்கம் பிடித்துக்கொள்ளட்டும் என்று. பூனைகள் மதிலைக் காலி செய்துவிட்டு வந்தன. தபால் ஒழுங்காக வந்தது. பெரியவர் இன்னும் மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் போனார், அவள் மடியில், அவளைத் தெரிந்துகொண்டே. சில மாலைகளில் வாசனை கேட் வரைக்கும் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவதுண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவர் முட்டை தின்ற அன்றைக்கு, நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெரியவர் முன்னால் நடந்தார், பின்னால் இவர்கள் இருவரும். நிறுத்தத்தில் ஆட்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ் எப்போது வரும் என்று ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் டிரைவர் கதவைச் சாத்தப் போனார்.

"இருங்க" என்றாள் அவள். "இன்னும் உள்ள வரல. படியில நிக்குது."

டிரைவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக ஒதுங்கி நின்றாள். "உள்ள வா, இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று படியைப் பார்த்துச் சொன்னாள். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு அவள் முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போனது. அது கூடத்தைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.