கடைசியில் நடக்கிறவர்

பெயர் எழுதும் தாள் சைமனிடம் வந்தபோது வேன் உறுமிக்கொண்டிருந்தது. சித்தூர் சபையிலிருந்து பயிற்சிக்குப் போகிற பதினோரு பேரில் பத்துப் பேர் எழுதி முடித்தாயிற்று. சைமன் 'சை' என்று போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் பேனாவைத் தூக்கினார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அதற்கு மேல் கை ஓடவில்லை. தாளை மடித்து முன்னால் கொடுத்துவிட்டார். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவர். எழுத்து வரும், அவசரப்படுத்தினால் மட்டும் மிரண்ட மாடு மாதிரி அங்கேயே நின்றுவிடும்.

வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு இந்தப் பயிற்சியில் என்ன வேலை என்று கேட்கலாம். மே மாதம் சபைப் பிள்ளைகளைத் திருப்பதிப் பக்கத்து மலைக்கு மூன்று நாள் முகாமுக்குக் கூட்டிப் போகிறார்கள். சைமனின் மகள் சுஜிதாவுக்கு வயது பதினொன்று. வீசிங் உண்டு. இரண்டு வருஷமாக, ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்று அவளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் குருவானவர் ஒரு வழி சொன்னார். வீட்டு ஆள் ஒருவர் பயிற்சி முடித்துத் தொண்டராக வந்தால் பிள்ளையும் வரலாம். சுஜிதாவின் அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படியே ஏறமாட்டாள். சைமன்தான் மிச்சம்.

"நைனா, நீ பாஸாயிடுவியா?" என்று காலையில் கேட்டாள் சுஜிதா.

"மூட்டை தூக்கறவனுக்கு மலை ஏற யாரு கத்துக் குடுக்கணும்?" என்று பெரிய வாயாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பாகாலா தாண்டி ஒரு குன்றின் அடியில் வேன் நின்றது. பயிற்சி தருகிற அபிகாயில் திருப்பதியில் நர்ஸ். முப்பது வயதிருக்கும். பேச்சு மெதுவாக வரும்.

"ஒருத்தர் லீடர், மத்தவங்க எல்லாம் பிள்ளைங்க. பிள்ளைங்க எப்படிப் படுத்துவாங்களோ அப்படியே படுத்தலாம். மேல தெரியுதே, அந்தப் பாறை வரைக்கும் கூட்டிக்கினு போகணும். சைமன் அண்ணா, நீங்க மொதல்ல."

சைமன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். பின்னால், "லீடர் அங்கிள், செருப்பு அறுந்துபோச்சு", "லீடர் அங்கிள், கிளமென்ட் கிள்றான்" என்றெல்லாம் குரல் கேட்டது. கிளமென்ட் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகள் செய்கிற அத்தனை சேட்டையும் அவருக்குத் தெரியும். போகப் போகக் குரல்கள் அடங்கின. நல்லபடியாக வருகிறார்கள் என்று சைமன் நினைத்தார். பாறையில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தால் ஒரு குஞ்சுகூட இல்லை. எல்லாரும் பாதி மலைக்குக் கீழே இருந்தார்கள். கிளமென்ட் ஒரு புங்க மரத்தடியில் காலை நீட்டிக் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்.

அபிகாயில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "எங்கண்ணா உங்க பிள்ளைங்க?"

"வந்துக்கினு இருக்காங்க சிஸ்டர்."

"பத்துப் புள்ளைய தொலைச்சிட்டு பாறைய மட்டும் பத்திரமா புடிச்சிக்கினாரு," என்றார் கிளமென்ட், வந்து சேர்ந்ததும். எல்லாரும் சிரித்தார்கள். சைமனும் சிரித்தார்.

அபிகாயில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏண்ணா ஒரு தடவ கூட திரும்பிப் பாக்கல?"

"தலை மேல சரக்கு இருக்கறப்ப திரும்ப முடியாது சிஸ்டர், கழுத்து போயிடும். நிக்கவும் கூடாது. எறக்கிட்டா, மறுபடி தூக்கிவுட இன்னொரு ஆளு வேணும். முப்பது வருஷமா அப்படியே நடந்துட்டேன்."

"இப்ப தலை மேல ஒண்ணும் இல்லையேண்ணா."

"இல்லதான். காலுக்குத் தெரியல."

அவள் நோட்டில் ஏதோ எழுதினாள். சைமன் அதை எட்டிப் படிக்கவில்லை. வீட்டில் சுஜிதா இப்போதே பையில் இன்ஹேலரையும் புதுத் தொப்பியையும் எடுத்து வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"எறங்கறப்ப கிளமென்ட் சார் லீடர்," என்றாள் அபிகாயில். "நீங்க கடைசி. உங்களுக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது. கடைசி ஆளு வந்து சேர்ற வரைக்கும் யாரும் கெளம்பக் கூடாது. அதான் நம்ம சட்டம்." ஒரு விசிலை அவர் கழுத்தில் மாட்டினாள்.

கடைசியில் வந்தால் கால்கள்தான் தெரியும். கால்களைச் சைமனுக்கு நன்றாகத் தெரியும். மண்டியில் லாரிக்குப் பலகை போட்டு ஏற்றும்போது முன்னால் போகிறவனின் கெண்டைக்காலைத்தான் பார்த்துக்கொண்டு ஏறவேண்டும். அவன் சரிந்தால் பின்னால் வருகிறவனும் காலி. முகம் பொய் சொல்லும், கெண்டைக்கால் சொல்லாது.

அவருக்கு முன்னால் ஜெயசீலி போனாள். சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். இப்போதும் பாடிக்கொண்டுதான் இறங்கினாள். ஆனால் குதிகால் ஊன்றிய இடத்தில் நிற்காமல் வெளிப்பக்கம் வழுக்கியது. நாலு அடியில் மறுபடியும் வழுக்கியது. முட்டி ஒருதரம் தானாக மடங்கி நிமிர்ந்தது.

விசில் இருப்பதே சைமனுக்கு மறந்துபோயிற்று. மண்டிக் குரல்தான் வந்தது. "எறக்கு. எல்லாரும் எறக்கு."

வரிசை நின்றது. "எதை எறக்கறது? கையில ஒண்ணுமே இல்லையேப்பா," என்றார் முன்னாலிருந்து கிளமென்ட்.

அதற்குள் சைமன் ஜெயசீலியின் முழங்கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்திருந்தார். "எனக்கு ஒண்ணுமில்லண்ணா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது. அபிகாயில் ஓடிவந்து நாடி பிடித்தாள்.

"காலைல என்ன சாப்டீங்கக்கா?"

ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள். லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். நாற்பது நாளும் சாயங்காலம் வரைக்கும் அவள் வாயில் ஒன்றும் வைக்கமாட்டாள். உபவாசம் இருப்பதை வெளியே சொல்லவும் கூடாது. அதனால் வேனில் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை வாங்கிப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டிருந்தாள்.

"அந்த ரெண்டாவது பொட்டலத்த துன்னது நான்தான்," என்றார் கிளமென்ட். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை.

சைமன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த வெல்லக்கட்டியை எடுத்தார். மண்டிக்காரன் பையில் அது எப்போதும் இருக்கும். "சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலா உபவாசம் இருந்து ஈடு கட்டிக்கலாம் தங்கச்சி. ஆண்டவருக்கு நம்ம கணக்கு தெரியும். இப்ப இத வாயில போடு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கிளம்பவில்லை. அதற்கப்புறம் கிளமென்ட் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

எல்லாரும் வேனில் ஏறிய பிறகு, அபிகாயில் காலையில் பெயர் எழுதிய தாளை நீட்டினாள். "இதுல உங்க பேரு பாதிதான் இருக்குண்ணா. முழுசா எழுதினாத்தான் மே மாச லிஸ்ட்ல சேர்க்க முடியும்."

"அப்ப நான் பாஸா சிஸ்டர்?"

"முன்னால போறதுக்கு நீங்க இன்னும் கத்துக்கணும். பின்னால வர்றதுக்கு உங்கள வுட்டா எனக்கு ஆளு இல்ல."

சைமன் தாளை முட்டியில் வைத்துக்கொண்டார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "லேட் அவுதுந்தி சார்," என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார்.

"கொஞ்சம் ஆகண்ணா, நில்லுங்க," என்றார் கிளமென்ட். "கடைசி ஆளு இன்னும் வந்து சேரல."

ஓட்டுநர் திரும்பித் தலைகளை எண்ணிப் பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள். சைமன் 'ம' போட்டார். 'ன' போட்டு, அதன் மேல் புள்ளியை அழுத்தி வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, கீழ் வரியில் சுஜிதாவின் பெயருக்கு முதல் எழுத்தைத் தொடங்கினார்.

ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டார்.