லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன்

1

இந்தக் கதை ஒரு லிஃப்ட் கதவு என் தோளை இடித்ததில் பிறந்தது. இரண்டு கையிலும் பை. திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். உள்ளே நின்றிருந்த பெண்மணி, "கதவ ஏன் திட்டறீங்க? கெபாசிட்டர் நெறஞ்சுது, மூடிடுச்சு. அதுக்கு உங்களத் தெரியுமா என்ன?" என்றார். லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்குள் அவர் சொன்ன நாலு வார்த்தைதான் என் முதலீடு. மிச்சமெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மின்சாரமும் வாழ்க்கையைப் போலவே..." (அடித்துவிட்டேன். வேறு யாராவது இப்படித் தொடங்கினால் நானே புத்தகத்தை மூடிவிடுவேன்.)

இரண்டாவது: "கண்ணீர் சொட்டச் சொட்ட அவர் சால்டரிங் கம்பியை..." (இதுவும் ஆகாது. நான் பார்த்த பெண்மணி அழுகிற ஆள் இல்லை.)

மூன்றாவது: போர்டு அக்காவின் கணவர் நாலு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

லிஃப்டில் பார்த்த பெண்மணிதான் கதையில் போர்டு அக்கா. ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பழுதான மின்சுற்றுப் பலகைகளை ஊரே அவரிடம் கொண்டுவந்து கொட்டும். அவர் கணவர் கால்பந்து நடுவராக இருந்தவர், எல்லாருக்கும் ரெஃப்ரி. பக்கவாதம் வந்து இடது கால் பின்தங்கிவிட்டது. வாக்கர் பிடித்து மெல்ல நடக்கிறார். ஆனால் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கதவு, அவர் உள்ளே போவதற்குள் மூடிக்கொள்ளும்.

யாராவது கையை வைத்துப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று நானும்தான் கேட்டேன். பிடித்தார்கள். ஒருநாள் உள்ளே ஐந்தாறு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்து வீட்டுக்காரர் காலால் கதவைத் தடுத்துக்கொண்டு, "மெதுவா வாங்க, அவசரமே இல்ல" என்று மூன்று தடவை சொன்னார். ரெஃப்ரி வந்த வழியே திரும்பிவிட்டார்.

"இனிமே யாரும் கதவப் புடிக்கக் கூடாது. நானா போனாப் போறேன். இல்லன்னா இங்கயே கெடக்கறேன்."

"நான் கூடவா?" என்றார் அக்கா.

"நீயுந்தான்."

எதிர் மைதானத்தில் அவர் வளர்த்துவிட்ட அணிக்கு ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதற்கு இறங்காவிட்டால் இனி எதற்கும் இறங்கமாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் நான் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அக்கா அவரோடு வாழ்ந்து தெரிந்துகொண்டார்.

4

இங்கே கொஞ்சம் பாடம். (தாண்டிப் போகலாம். போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.)

அது பழைய லிஃப்ட். கதவு திறந்ததும் ஒரு ரெசிஸ்டர்* வழியாக ஒரு கெபாசிட்டருக்குள் மின்சாரம் ஏறத் தொடங்கும். குறிப்பிட்ட அளவு ஏறியதும் கதவுக்கு உத்தரவு போகும்: மூடு. கெபாசிட்டர் பேருந்து என்றால் ரெசிஸ்டர் அதன் வாசல். பேருந்து பெரிதானால் நிறைய நேரமாகும். வாசல் குறுகினாலும் நேரமாகும். காலியாக இருக்கும்போது கூட்டம் தடதடவென்று ஏறும். உள்ளே நெரிசலாக ஆக, ஏறுகிற வேகம் குறைந்துகொண்டே வரும். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு. கடிகாரம் இல்லை, முள் இல்லை. மிளகு அளவு ஒரு பொருளும் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பொருளும் சேர்ந்து நேரத்தைக் காத்துக்கொண்டிருக்கின்றன. எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

[* பாடப்புத்தகத்தில் மின்தடையாக்கி. மற்றது மின்தேக்கி. கடையில் போய் இப்படிக் கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள்.]

5

ரெஃப்ரியின் உடம்பும் அப்படித்தானே என்று எழுதினேன். முதல் மாதம் படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாக்கர் என்று மளமளவென்று தேறியவர், அப்புறம் அங்குலம் அங்குலமாக... என்ன பொருத்தம் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அக்கா இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று யோசித்ததும் கை நின்றது.

"கெபாசிட்டர் எப்ப நெறையும்னு என்னால கணக்குப் போட முடியும். அவரு எப்பன்னு டாக்டராலயே சொல்ல முடியல. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

அழித்துவிட்டேன்.

6

லிஃப்ட் மெக்கானிக், குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்கி, கதவை இயக்கும் மின்சுற்றுப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தான். "அக்கா, சீக்கிரம். எல்லாரும் படியேறிட்டு என்னைத் திட்டறாங்க."

இன்னொரு கெபாசிட்டரைப் பக்கத்தில் இணைத்தால் பேருந்து இரட்டிப்பாகும். அதுதான் அக்காவின் திட்டம். பலகையில் இடமில்லை. சரி, ரெசிஸ்டரைக் கூட்டலாம் என்று மனதை மாற்றிக்கொண்டார். மனம் மாறியது, கை மாறவில்லை. பழைய திட்டத்தின் பழக்கத்தில் இரண்டாவது ரெசிஸ்டரையும் பக்கத்திலேயே வைத்துப் பற்றவைத்துவிட்டது. ரெசிஸ்டரைப் பக்கத்தில் வைத்தால் பேருந்துக்கு இரண்டாவது வாசல் திறந்த மாதிரி. சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை.

வெள்ளிக்கிழமை ரெஃப்ரி சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கதவு முன்பைவிடப் பாதி நேரத்தில் மூடி, வாக்கரில் மோதியது. அவர் வீட்டுக்குள் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பின்னாலேயே போனார். "தப்பு என்னோடது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வெக்கணும். பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டேன். கடைக்கு வர்ற சின்னப் பசங்க கூட இப்படிப் பண்ண மாட்டாங்க."

"நான் ஆட்டத்துல குடுத்த முடிவ மாத்தினதே இல்ல. வரலன்னா வரல."

"அது உங்க தொழில். என் தொழில்ல தப்புன்னா உடனே மாத்தணும்." போய் மாற்றினார். இந்தத் தடவை பத்து முறை சோதித்தார். இப்படி ஒருவரைக் கற்பனை செய்ய முடிந்ததே என்று எனக்குப் பெருமை. அவ்வளவும் அவரிடமிருந்து எடுத்தது என்பதால் கொஞ்சம் கூச்சமும்.

7

ஞாயிற்றுக்கிழமை. எதிர் மைதானத்தில் விசில் கேட்டதும் ரெஃப்ரி தானாகவே வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தார். லிஃப்டில் வேறு யாரும் இல்லை. கதவு திறந்தது. அக்கா சுவரோரம் கையை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டாவிட்டால் அது தானாக நீண்டுவிடும். ரெஃப்ரி வாக்கரை உள்ளே வைத்தார். வலது காலும் உள்ளே போனது. இடது கால் வெளியே.

இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.

அவர் ஏறிவிடுகிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். கதவு முந்திக்கொள்கிறது என்று இன்னொன்று. இரண்டும் பிடிக்கவில்லை. அடுத்த வரியை எழுதாமலே விட்டால் என்ன? நான் எழுதாதவரை கதவு மூடாது. வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளட்டும். எவ்வளவு பெரிய மனசு எனக்கு.

ரெஃப்ரி தலையைத் திருப்பினார். அக்காவைப் பார்க்கவில்லை.

"யாரு கதவப் புடிச்சிருக்கறது?"

நாலு மாதம் அவரோடு கிடந்து தவித்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நேற்று அவரைக் கற்பனை செய்த நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விட்டுவிட்டேன். கெபாசிட்டர் நிறைந்துகொண்டிருக்கிறது. இடது கால் தரையைவிட்டு எழும்புகிறது. இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் உதவுகிறேன் என்று கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.